எத்தனை விநாடியில் அணைகிறது?

வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபேர்னஸ் அடிக்கடி அணைகிறது என்று கனடாவின் ஸ்காபரோவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். இரண்டில் ஒரு பதில் கட்டாயம் கிடைக்கும். ஒன்று, "பழசாப் போச்சு, மாத்திப் போடுங்கோ" என்பது. மற்றது சற்றுத் தணிந்த குரலில் வரும்: "அந்தச் சுவிச்சிலை இருக்கிற ரெண்டு வயரையும் சேர்த்து விட்டால் எரியும்." முதலாவது யோசனைக்குப் பல ஆயிரம் டொலர் வேண்டும், இரண்டாவதற்கு ஒரு சாண் வயர் போதும். செலவில் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இந்த இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான்: அணைவதே கோளாறு, ஆகவே எப்பாடுபட்டாவது அதை அணையாமல் ஆக்கிவிட வேண்டும் என்ற எண்ணம். அணைந்து அணைந்து எரிந்த ஒரு ஃபேர்னஸோடு ஒரு குளிர்காலம் முழுவதும் மல்லுக்கட்டிய பிறகு எனக்கு அது சரியாகப் படவில்லை. தானாக அணைகிற ஃபேர்னஸ் பெரும்பாலான வேளைகளில் தனக்கு இடப்பட்ட வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்தியது எது, எந்தக் கட்டத்தில் நிறுத்தியது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

எங்களுடையது 1960களில் கட்டப்பட்ட ஒரு பங்களா. மேலே நாங்கள், கீழே நிலவறையில் வாடகைக்கு ஓர் இளம் தம்பதி. ஃபேர்னஸ் நிலவறையின் மூலையில், முந்திய உரிமையாளர் சுவர்ப்பலகை அடித்து மறைத்த சிறிய அறைக்குள் நிற்கிறது. புகைபோக்கிக்குப் பதிலாக இரண்டு வெள்ளை பிளாஸ்ரிக் குழாய்கள் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் உயர்செயல்திறன் வகை. அப்போது அதற்கு வயது 14. ஜனவரியில் வெளியே மைனஸ் 20 பாகையைத் தொட்ட நாட்களில் தொல்லை தொடங்கியது. இரவு 21 பாகையில் வைத்துவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் வீடு 16 பாகையில் இருக்கும். தெர்மோஸ்ரற் வெப்பம் கேட்டபடியே இருக்கும். காற்றுத் துளைகளில் ஒன்றும் வராது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே எரியத் தொடங்கும், கொஞ்சம் சூடேற்றும், மறுபடியும் நின்றுவிடும். கீழே இருக்கும் தம்பி, "அண்ணா, ஏதோ மூட்டுற சத்தம் கேக்குது, உடனை நிண்டு போகுது" என்று தொலைபேசியில் சொன்னார். கோளாறு எங்கே என்பதற்கு அதைவிடத் துல்லியமான தகவல் வேறு யாரிடமிருந்தும் அந்த வாரம் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். ஃபேர்னஸின் முன்தட்டைக் கழற்றவில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் தயாரிப்பு ஆண்டைப் படித்தார், ஒருமுறை சுற்றிப் பார்த்தார், "வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு விழுந்திருக்கக்கூடும், இதில் காசைப் போடுவது வீண்" என்றார். புதியதற்கான விலையும், மாத வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு என்பதும் அவருடைய ரப்லெற்றில் தயாராக இருந்தன. நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் அந்தப் பகுதியில் வெடிப்பு என்பது வெறும் மிரட்டல் அல்ல, உண்மையான ஆபத்து. எரிந்த புகை வீட்டுக் காற்றோடு கலக்க அது வழிவிடலாம். அதனாலேயே அந்தச் சொல்லை விற்பனைப் பேச்சில் கலப்பது எனக்கு ஒவ்வவில்லை. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் எரிவாயு வேலை செய்பவர் உடனடி ஆபத்தைக் கண்டால், 'ஏ' வகைச் சிவப்பு அட்டை கட்டி எரிவாயுவை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஆபத்து அவ்வளவு அவசரமில்லை என்றால் 'பி' வகை அட்டை கட்டித் திருத்தத் தவணை கொடுக்க வேண்டும். வந்தவர் எந்த அட்டையும் கட்டவில்லை. அவர் வெடிப்பை உண்மையிலேயே நம்பியிருந்தால் எங்களை அந்த ஃபேர்னஸோடு இரவு தூங்க விட்டுப் போயிருக்க முடியாது. நம்பவில்லை என்றால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டு வாசலில் வந்து நின்று ஃபேர்னஸ் ஒப்பந்தம் போடுவதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடை செய்தது. நாமே கூப்பிட்டு உள்ளே விடுகிற ஆளை அந்தத் தடை தொடாது.

எத்தினை செக்கன்?

அடுத்ததாக அழைத்தது கோயிலில் பழக்கமான ஓர் அண்ணையை. எரிவாயுத் தொழில்நுட்பருக்கான ஜி2 உரிமம் உள்ளவர், இருபது வருடத்துக்கு மேலாக இதே தொழில். தொலைபேசியில் நான் கதையைச் சொல்லத் தொடங்கியதும் இடைமறித்து, "எத்தினை செக்கனிலை நிக்குது?" என்று கேட்டார். "அடிக்கடி நிற்கிறது" என்பதை விட என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, "தம்பி, நிக்குது எண்டு எல்லாரும் சொல்லுவினம். எத்தினை செக்கனிலை நிக்குது எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. நான் வரும்வரைக்கும் அதுக்கு முன்னாலை இருந்து பாருங்கோ. தட்டைக் கழட்ட வேண்டாம், சுவிச்சை நிப்பாட்டிப் போடவும் வேண்டாம்" என்றார்.

தட்டைக் கழற்ற வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. கீழ்த்தட்டின் பின்னால் ஒரு சிறிய பொத்தான் உண்டு. தட்டை எடுத்ததும் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கட்டுப்பாட்டுப் பலகையில் மினுங்கும் சிறு விளக்குத்தான் கோளாறின் குறி. எத்தனை முறை மினுங்கினால் என்ன பொருள் என்ற அட்டவணையைத் தட்டின் உட்புறத்தில் ஒட்டியிருப்பார்கள், அது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடும். மின்சாரம் போனால் சில பலகைகளில் அந்தக் குறி அழிந்துவிடும். வீட்டில் ஃபேர்னஸ் நின்றதும் முதல் வேலையாகச் சுவரில் இருக்கும் சுவிச்சை நிறுத்திப் போடுகிறோமே, அது சில நேரம் எரிய வைக்கும் என்பது உண்மைதான். கூடவே சாட்சியையும் அழித்துவிடும். ஆகவே தட்டில் இருக்கும் விரலகலக் கண்ணாடித் துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். கவிழ்த்த பெயின்ற் வாளி ஒன்றின் மேல் அமர்ந்து நான் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த வாளியில் இருந்தபோது கண்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதுவரை ஃபேர்னஸ் என்பது எனக்கு எரியும் அல்லது எரியாத ஒரு பெட்டி. கண்ணாடித் துளையின் பின்னால் நடந்ததோ, ஒருவர் கையெழுத்திட்டால்தான் அடுத்த மேசைக்குக் கோப்பு நகரும் அரசாங்கக் கச்சேரி நிர்வாகம். தெர்மோஸ்ரற் வெப்பம் கேட்டதும் 24 வோல்ற் மின்சாரம் பலகைக்கு வருகிறது. பலகை உடனே நெருப்பு மூட்டுவதில்லை. முதலில், புகைவழியின் இழுவையை உணரும் பிரஷர் சுவிச் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு இன்டியூசர் எனப்படும் சின்ன மோட்டாரை ஓட விடுகிறது. எரியறையில் தேங்கியிருப்பதை அந்த மோட்டார் வெளியே இழுத்துத் தள்ளி, குழாயில் போதிய இழுவையை உண்டாக்கியதும் பிரஷர் சுவிச் மூடிக்கொள்கிறது. அதன் பிறகே நெருப்பு மூட்டும் இக்னைற்றர் மெல்லச் சிவந்து, செம்மஞ்சளாகி, கண் கூசும் அளவுக்கு ஒளிர்கிறது. வாயு வால்வு 'டக்' என்று திறக்கிறது. ஓரத்து பேர்னரில் பற்றிய நெருப்பு அடுத்தடுத்த பேர்னர்களுக்குத் தாவி, நீலச் சுவாலைகள் குழாய்களுக்குள் கிடையாக நீண்டு பாய்கின்றன. நெருப்பு வந்துவிட்டது என்று சென்சர் சில விநாடிகளுக்குள் பலகைக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாம் சரியானால் அரை நிமிடமளவில் பெரிய விசிறி சுழன்று வீட்டுக்குள் சூடான காற்றை அனுப்பும்.

எங்கள் ஃபேர்னஸில் சின்ன மோட்டார் ஓடியது. இக்னைற்றர் ஒளிர்ந்தது. நீலச் சுவாலைகள் அழகாக, குறை சொல்ல முடியாதபடி எழுந்தன. நான் எண்ணத் தொடங்கி ஐந்தைத் தாண்டுவதற்குள் வால்வு மறுபடியும் 'டக்' என்றது. சுவாலைகள் ஒரே கணத்தில் மறைந்தன. சின்ன மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அதே நாடகம் மீண்டும் அரங்கேறி, அதே இடத்தில் முடிந்தது. சில முயற்சிகளுக்குப் பிறகு பலகை தன்னைப் பூட்டிக்கொண்டது. பெரும்பாலான பலகைகள் அப்படி ஒரு மணி நேரம் காத்திருந்துதான் மறுபடியும் முயலும். எங்கள் வீட்டில் மணிக்கணக்கில் வந்துபோன குளிருக்கு அதுதான் காரணம். நெருப்பு இருந்தது, நான் கண்ணால் கண்டேன். ஃபேர்னஸோ அதைக் காணவில்லை. வெப்பப் பரிமாற்றி வெடித்திருந்தால் இப்படி நடக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வயது 14 என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தச் சில விநாடிகள் கைகாட்டியது ஒரேயொரு பொருளை.

தீக்குள் நிற்கும் கம்பி

ஃபிளேம் சென்சர் என்று பெயர் பெரிதாக இருக்கும். பொருளைப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் கழுத்துடைய ஒரு மெல்லிய உலோகக் கம்பி, ஒரே ஒரு திருகாணியில் நிற்பது. அண்ணை அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுவாலை படும் பகுதியில் மங்கிய சாம்பல் நிறப் படலம்; நகத்தால் சுரண்டினால் வராது. இந்தக் கம்பி வெப்பத்தை அளப்பதில்லை. பலகை இதற்கு மாறுதிசை மின்சாரத்தைக் கொடுக்கிறது. சுவாலையில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால் நெருப்பின் ஊடாகக் கொஞ்சம் மின்சாரம் பாயும். கம்பியின் பரப்பு சிறியது, நிலத்தோடு இணைக்கப்பட்ட பேர்னரின் பரப்பு மிகப் பெரியது. அதனால் மின்சாரம் ஒரு திசையில் தாராளமாகவும் மறுதிசையில் மிகக் குறைவாகவும் பாய்ந்து, மொத்தத்தில் ஒரு திசை மின்னோட்டமாகவே பலகைக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பினால் அங்கே இருப்பது நெருப்புத்தான். ஈரத்தாலோ பழுதான வயராலோ மின்சாரம் கசிந்தால் அது இரண்டு திசையிலும் கசியும். பலகை அதை நெருப்பு என்று எண்ணி ஏமாறாது. எளிமையும் கூர்மையும் இவ்வளவு பொருந்திய ஒரு ஏற்பாட்டை நான் வீட்டுச் சாதனம் எதிலும் பார்த்ததில்லை.

அந்த மின்னோட்டம் ஓர் அம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ அம்பியரில் அளக்கப்படுவது. பெரும்பாலான இயந்திரங்களில் இரண்டு முதல் ஆறு வரை இருந்தால் நல்லது. ஒன்றுக்கும் கீழே இறங்கினால் பலகை சந்தேகப்படத் தொடங்கும். அண்ணை மீற்றரை வரிசையில் இணைத்து மூட்டிப் பார்த்தபோது 0.7 காட்டியது. மெல்லிய இரும்புப் பஞ்சால் கம்பியைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, திரும்பப் பூட்டி மூட்டியபோது 3.4. நெருப்பு நின்று எரிந்தது, பெரிய விசிறி சுழன்றது, வேலை முடிந்தது. உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம் என்றார். அது கம்பியில் கீறல் விழுத்தித் துகளையும் விட்டுச் செல்லும், படலம் இன்னும் விரைவில் ஏறும். கம்பி சுத்தமாக இருந்தும் அளவு குறைந்தால் புதுக் கம்பி வாங்குவதற்கு முன் நில இணைப்பு வயரைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் போகிற போக்கில் சொன்னதுதான். பேர்னர் நிலத்தோடு சரியாக இணையாவிட்டால் மின்னோட்டம் திரும்பி வர வழியே இல்லை.

படலம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் வெளியே போய்ப் பார்த்துச் சொன்னார். காற்றை உள்ளே இழுக்கும் வெள்ளைக் குழாயின் வாய்க்கு அருகிலேயே துணி உலர்த்தியின் புகைவாயும் இருந்தது. துணியின் பஞ்சுத் தூசும் வாசனைத் தாள்களின் ஆவியும் கலந்த காற்று நேரே பேர்னருக்குப் போய், எரிந்து, கம்பியில் படிந்திருக்கிறது. சில மீற்றர் குழாயோடு உலர்த்தியின் வாய் வீட்டின் பின்பக்கத்துக்கு மாறியது. மாற்றிப் போடுங்கள் என்றவர் புதிய ஃபேர்னஸையும் இதே சுவரில், இதே துளையில்தான் மாட்டியிருப்பார்.

இத்தனை கடுமை எதற்கு, நெருப்பு எரிவதைக் கம்பி காணாவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் பொறுக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்டார். கேள்வி நியாயமானது. சதா எரியும் சிறு சுடர் வைத்த பழைய ஃபேர்னஸ்கள் அப்படித்தான் பொறுத்தன. அவற்றின் வெப்பவுணரி குளிர்ந்து வால்வை மூட அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். சிறு சுடருக்குப் போகும் வாயு கொஞ்சம்தான், ஆகவே அது சரிவந்தது. இப்போதைய ஃபேர்னஸில் வால்வு திறந்தால் முழு பேர்னருக்கும் வாயு பாய்கிறது. இயற்கை வாயு காற்றில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது பற்றக்கூடியது. பற்றாமல் கொட்டும் வாயு எரியறைக்குள் அந்த அளவை எட்ட விடக்கூடாது என்பதற்கே விநாடிக் கணக்கு. நெருப்பு இருந்தும் காணாமல் அணைப்பதால் நமக்கு வருவது குளிர் மட்டும். இல்லாத நெருப்பை இருப்பதாக நம்பினால் வருவது வேறு.

ஒரு சாண் வயர்

பெப்ரவரியில் ஃபேர்னஸ் மறுபடியும் நின்றது. இம்முறை நான் வாளியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்துவிட்டேன். நாடகம் முற்றிலும் வேறாக இருந்தது. முதலில் கால் மணி நேரம் நன்றாக எரிந்த பின் திடீரென்று அணைந்தது. மறுநாள் சில நிமிடங்களில் அணைந்தது. அதற்கடுத்த நாள் இரவு சின்ன மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. இக்னைற்றர் ஒளிரவே இல்லை. உள்ளே எங்கோ தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணை வேலை முடித்து வர நேரமாகும் என்றார். விளக்கு மினுங்குவதைச் சொன்னேன், அது பிரஷர் சுவிச் மூடவில்லை என்பதற்கான குறி. வெளியே போய் இரண்டு குழாய் வாய்களையும் பார்க்கச் சொன்னார். பனி மூடியிருக்கவில்லை.

அன்று மாலை வேறு காரியமாக வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "மச்சான், அந்த வயர் ரெண்டையும் சேர்த்து விடு. காலமை வரைக்கும் எரிஞ்சால் காணும்" என்றார். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மேலே போர்வைக்குள் என் தாயார், கீழே மூன்று மாதக் கைக்குழந்தை. அந்த நிலையில் அது கருணையான யோசனையாகவே ஒலித்தது. அவர் கைகாட்டிய சுவிச் உள்ளங்கையளவு வட்டத் தகடு, உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, பின்னால் ஒரு ரப்பர் குழாய். மோட்டார் உண்டாக்கும் இழுவை அந்தச் சவ்வை இழுத்தால்தான் சுவிச் மூடும். அந்த இழுவை மிகச் சிறியது. எத்தனை அங்குல உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் என்று கணக்கிடுவார்கள், பல சுவிச்சுகளுக்கு அது ஓர் அங்குலத்துக்கு அக்கம்பக்கம். வளிமண்டல அழுத்தம் முழுவதையும் அதே அளவுகோலில் சொன்னால் சுமார் 407 அங்குலம் வரும். நானூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கண்டறிந்து, புகை வெளியே போகும் வழி திறந்திருக்கிறது என்று உறுதி சொல்வதே இதன் ஒரே வேலை. இரண்டு வயரையும் சேர்ப்பது, வழி அடைத்திருந்தாலும் திறந்திருக்கிறது என்று அதன் பெயரால் பொய்ச் சாட்சி சொல்வது.

பலகை அதை இலகுவில் நம்பவும் நம்பாது. மோட்டார் ஓடத் தொடங்கும் முன்பே சுவிச் மூடியிருந்தால் ஏதோ தவறு என்று பெரும்பாலான பலகைகள் தொடங்கவே மறுக்கும். அந்த முதல் சோதனை இப்படிப்பட்ட கைகளை எண்ணியும் வைக்கப்பட்டதுதான் போலும். அதையும் ஏமாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஓடிய பிறகு கையால் வயரைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அண்ணை சொன்னார். வெளியேறும் வழி அடைபட்ட பின்னும் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஒன்ராறியோ 2008 டிசம்பரில் பார்த்தது. வூட்ஸ்ரொக் நகரில் லோரி ஹாக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியும் அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டில் பரவிய காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவால் இறந்தார்கள். வீட்டு எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைத்திருந்தது. அவருடைய உறவினரான ஜோன் கின்யாக் பல ஆண்டு விடாமல் முயன்றதில், 2013இல் ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டம் நிறைவேறியது. 2014 ஒக்ரோபரிலிருந்து எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கைப் பகுதிகளுக்கு அருகே அந்த வாயுவுக்கான அபாயமணி கட்டாயமானது. நிலவறை வாடகைக் குடியிருப்புகளுக்கும் அது பொருந்தும். நான் உறவுக்காரருக்கு இந்தக் கதையைச் சொல்லவில்லை. இரண்டு மின்சார ஹீற்றர்களை எடுத்து, ஒன்றைக் கீழே குழந்தை இருந்த அறைக்கும் மற்றதை அம்மாவின் அறைக்கும் கொடுத்தேன். இரவு எப்படியோ கழிந்தது.

பின்சுவருக்குள் போன குழாய்

காலையில் அண்ணை வந்ததும் பிரஷர் சுவிச்சின் ரப்பர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்; உள்ளே தண்ணீர்த் துளிகள். சுவிச்சைத் தொடவே இல்லை. "சுவிச் நல்லாத்தான் இருக்கு. தண்ணி போறேல்லை" என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இயற்கை வாயுவில் பெரும்பகுதி மெதேன். ஒரு கிலோ மெதேன் எரிந்தால் இரண்டே கால் கிலோ தண்ணீர் உண்டாகும். எரித்த வாயுவை விடப் பிறந்த தண்ணீரின் எடை அதிகம், ஏனெனில் அதில் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்திருக்கிறது. பழைய ஃபேர்னஸ்களில் அந்தத் தண்ணீர் ஆவியாகவே புகைபோக்கியில் போய்விடும், தனக்குள் அடங்கிய வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு. இப்போதைய வகையில் இரண்டாவது வெப்பப் பரிமாற்றி ஒன்று அந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, அதன் வெப்பத்தையும் பறித்து வீட்டுக்குக் கொடுக்கிறது. புகை பிளாஸ்ரிக் குழாயில் போகும் அளவுக்குக் குளிர்ந்திருப்பதும், செயல்திறன் 90 சதவீதத்தைத் தாண்டுவதும் இதனால்தான். விலையாக, சற்றுப் புளிப்புத் தன்மையுள்ள தண்ணீர் குளிர்காலம் முழுவதும் லீற்றர் லீற்றராக வடிய வேண்டும். வடியாவிட்டால் அது பரிமாற்றியின் அடியிலும் சின்ன மோட்டாரின் வாயிலும் தேங்கும், இழுவை குறையும், சுவிச் திறக்கும், நெருப்பு அணையும். அணைந்து சிறிது நேரம் கிடந்தால் கொஞ்சம் கசிந்து வழிவிடும், மறுபடியும் எரியும், மறுபடியும் நிரம்பும். கால் மணி நேரம், சில நிமிடங்கள், பிறகு தொடங்கவே இல்லை என்று நான் பார்த்த வரிசை அப்படியே இதுதான்.

ஃபேர்னஸுக்குள் இருக்கும் ட்ராப் என்ற வளைந்த பெட்டியை அண்ணை கழுவினார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதிலிருந்து போகும் குழாயைப் பின்தொடர்ந்தால் அது முந்திய உரிமையாளர் அடித்த சுவர்ப்பலகைக்குள் நுழைந்து மறைந்தது. சுவர்ப்பலகையில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தோம். உள்ளே குழாய் ஒரு மரக்கட்டையின் மேலால் ஏறி மறுபக்கம் இறங்கி, நிலத்து வடிகாலுக்குப் போயிருந்தது. சரிவாக இறங்க வேண்டிய குழாய்க்கு நடுவில் ஒரு மேடு, மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம், பள்ளத்தில் வருடக்கணக்காகச் சேர்ந்த செம்பழுப்புக் கூழ். அண்ணை முனையைப் பிடுங்கியதும் தேங்கியிருந்த தண்ணீர் பெரும் சத்தத்தோடு தரையில் கொட்டியது. நல்ல வேளை, பெயின்ற் வாளி பக்கத்தில் இருந்தது. புதிய குழாயை மரக்கட்டையின் அடியால் சரிவாக எடுத்துவிட்டு மூட்டினோம். சின்ன மோட்டார், சிவப்பு, நீலம், பெரிய விசிறி. அன்றைய பில் 200 டொலருக்கும் குறைவு, அதில் சுவர்ப்பலகை வேலை என்னுடையது.

இதற்கிடையில் எங்களுக்கு நேராத இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வீடுகளில் அடிக்கடி நடப்பது அது. பல நிமிடங்கள் எரிந்த பின் நெருப்பு மட்டும் அணைந்து, பெரிய விசிறி நிற்காமல் குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், உள்ளே அளவுக்கு மிஞ்சிச் சூடேறி லிமிற் சுவிச் திறந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது ஃபில்ரர். ஒவ்வாமைக்கு நல்லது என்று நுண்தூசியையும் பிடிக்கும் மேர்வ் 13 தர ஒரு அங்குல ஃபில்ரரைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவது, கீழே வாடகைக்கு இருப்பவர்கள் சூடு அதிகம் என்று காற்றுத் துளைகளை மூடிவிடுவது, இரண்டுமே காற்றோட்டத்தைத் தடுக்கும். இந்த இரண்டுக்கும் ஆளைக் கூப்பிட வேண்டியதே இல்லை. நெருப்பு எரியறைக்கு வெளியே நீண்டால் திறக்கும் ரோல்அவுட் சுவிச் மட்டும் விதிவிலக்கு. அதைக் கையால் அமுக்கி மீண்டும் ஓட்டலாம் என்று அதிலேயே பொத்தான் இருக்கும். அமுக்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி மாற்றுவதைப் பற்றி. எங்கள் ஃபேர்னஸ் என்றென்றும் ஓடும் என்று நான் சொல்லவில்லை; 15 முதல் 20 ஆண்டு என்பது பொதுவான ஆயுள், அது நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஜனவரி இரவில் மாற்றியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். கனடாவில் புதிய வீட்டு எரிவாயு ஃபேர்னஸுக்கான குறைந்தபட்சச் செயல்திறன் 2009 இறுதியில் 90 சதவீதமாகவும் 2019 ஜூலையில் 95 சதவீதமாகவும் உயர்ந்தது. ஆகவே எந்தக் கடையில் வாங்கினாலும் தண்ணீர் வடியும் வகைதான் வரும். அது அதே சுவர்த்துளையில் உலர்த்தியின் பஞ்சை இழுத்திருக்கும். அதே மேடேறிய குழாயில் தண்ணீரை விட்டிருக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் அதே மாதிரி அணைந்திருக்கும், மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அதனால் இந்தக் கோடையிலேயே விலை கேட்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை இருவர் வந்தார்கள். ஒருவர் வீட்டின் சதுர அடியைக் கேட்டுவிட்டு, இப்போது இருக்கும் அதே ஒரு இலட்சம் பி.ரி.யு (வெப்ப அலகு) அளவைச் சொன்னார். மற்றவர் ஜன்னல்களை அளந்தார், கூரைத்தளத்தில் பஞ்சு எவ்வளவு கனம் என்று ஏறிப் பார்த்தார், எஃப் 280 என்ற கனேடிய நியமத்தின்படி வெப்ப இழப்பைக் கணக்கிட்டு 60,000 போதும் என்றார். அளவுக்கு மிஞ்சிய ஃபேர்னஸ் வீட்டைச் சட்டென்று சூடாக்கிவிட்டுக் கோளாறே இல்லாமல் அடிக்கடி அணையும் என்பதையும் விளக்கினார். பிறகு கீழே போய், நான் வெட்டி மூடிய சதுரத்தைக் கண்டு, அதற்குள் குழாய் எப்படிப் போகிறது என்று கேட்டார். அவருடைய விலை முதலாமவருடையதை விட அதிகம். வெளியே 28 பாகை வெயிலடிக்கும்போது யாருக்கும் அவசரமில்லை. செப்ரெம்பர் வரை பேரம் பேசப்போகிறேன்.